உண்மையைச் சொல்லும் போர்டு

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலம் வந்தால் பொறியியல் கல்லூரிகள். இன்னும் கொஞ்சம் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் வல்லம், ஒரகடம். கார், கண்ணாடி, செல்போன், மோட்டார் சைக்கிள் என்று எல்லாம் உருவாகும் பட்டை இது. வானத்திலிருந்து படம் எடுத்துப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் இங்கே வேலைக்குக் குறைவில்லை. எழும்பிக்கொண்டிருக்கும் ஆலைக் கட்டடத்தை மாதாமாதம் எடுத்துக் கொடுக்க வேண்டும். புது வண்டிக்கு விளம்பரப் படம் வேண்டும். பெரும்பாலான வேலைக்குப் பையில் மடித்து வைக்கிற சின்ன ட்ரோனே போதும். ஆனால் இயக்குநர் சினிமா கேமராதான் மேலே போக வேண்டும் என்று சொல்கிற நாளில் கணக்கு மொத்தமும் மாறிவிடும்.

அலெக்ஸா மினி கேமராவின் உடல் மட்டும் 2.3 கிலோ. லென்ஸ், ஃபோகஸ் மோட்டார், வீடியோ டிரான்ஸ்மிட்டர், கேமராவுக்கான பேட்டரி, எல்லாவற்றையும் தாங்கும் கிம்பல் என்று சேர்த்தால் ஏழெட்டுக் கிலோ வந்துவிடும். அதைத் தூக்க எட்டு மோட்டார், 28 அங்குல கார்பன் இறக்கைகள், அவற்றுக்கேற்ற பேட்டரிகள். ஆக மொத்தம் 22 கிலோ காற்றில் நிற்கிறது. அது 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். கீழே லைட் பிடித்துக்கொண்டு நிற்கிற பையனை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு திருகையும் இறுக்க வேண்டியிருக்கிறது.

இத்தனை எடையையும் பிடித்து நிறுத்துவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு போர்டு. தொழிலில் எஃப்.சி. என்போம், ஃப்ளைட் கன்ட்ரோலர். மொத்தச் செலவில் அதன் பங்கு சிறியது. கேமரா லென்ஸுக்கு ஒரு வாரம் யோசிப்பவர்கள்கூட எஃப்.சி.யை ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறார்கள்: "எது நல்ல எஃப்.சி.?" இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்குத் தெளிந்த பதில் ஒன்றுதான். எது நன்றாகப் பறக்கிறது என்று பார்த்து வாங்காதீர்கள். இன்றைக்குச் சந்தையில் இருக்கும் நல்ல போர்டுகள் எல்லாமே நன்றாகப் பறக்கும். பறந்து இறங்கிய பிறகு எது உங்களிடம் முழு உண்மையையும் சொல்கிறது என்று பாருங்கள்.

இது ஏன் கனமான ட்ரோனுக்கு இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஆர்டுபைலட் போன்ற ஃபர்ம்வேர் (போர்டுக்குள் ஓடும் மென்பொருள்), மல்டிகாப்டரில் நொடிக்கு 400 தடவை ஒரே வேலையைச் செய்கிறது. கைரோவைப் படிக்கிறது, வண்டி (ட்ரோனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணிக்கிறது, எந்த மோட்டார் எவ்வளவு சுழல வேண்டும் என்று மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.களுக்குச் சொல்கிறது. ஐந்து அங்குல இறக்கை சொன்ன மாத்திரத்தில் வேகம் மாறும். 28 அங்குல இறக்கை அப்படி இல்லை. அதன் சுழல் நிலைமம் அதிகம். கட்டளை போய்ச் சேர்ந்தாலும் வேகம் கூடிக் குறைய நேரம் பிடிக்கும். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் நாற்பது அடி கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர் எங்கே பிரேக்கில் கால் வைக்கிறார் என்று கவனித்திருப்பீர்கள். டூவீலர்காரர் பிரேக் பிடிக்கிற இடத்தில் அவர் பிடித்தால் காரியம் கெட்டது. எஃப்.சி.யும் தான் ஓட்டுவது டிரெய்லர் என்று தெரிந்து ஓட்ட வேண்டும்.

அதைத் தெரியப்படுத்துவதுதான் டியூனிங். ஆர்டுபைலட்டில் சாய்வு முடுக்கத்துக்கான உச்ச வரம்பு, 10 அங்குல இறக்கைக்குச் சொல்லப்படும் எண்ணில் ஐந்தில் ஒரு பங்களவுக்கு 30 அங்குல இறக்கைக்குக் குறைகிறது. த்ராட்டிலுக்கும் உந்துவிசைக்கும் உள்ள வளைவைக் குறிக்கும் எக்ஸ்போ, 5 அங்குலத்துக்கு 0.55, 10 அங்குலத்துக்கு 0.65, 20 அங்குலத்துக்கு 0.75 என்று ஏறுகிறது. கைரோ வடிகட்டியின் அதிர்வெண் கீழே இறங்குகிறது. வடிகட்டியை இறக்கினால் இரைச்சல் குறையும், ஆனால் தகவல் தாமதமாக வரும். ஏற்றினால் தகவல் உடனே வரும், ஆனால் இரைச்சலும் கூடவே வரும். பெரிய வண்டியில் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. அங்கே கைகொடுப்பது ஹார்மோனிக் நாட்ச் ஃபில்டர். இறக்கை எந்த வேகத்தில் சுழல்கிறதோ அந்த அதிர்வெண்ணையும் அதன் மடங்குகளையும் மட்டும் பார்த்து வெட்டும், மற்றதைத் தொடாது. இ.எஸ்.சி.யிலிருந்து சுழல் வேகம் வந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியாக வெட்டும்.

இதற்கெல்லாம் போர்டில் கணக்குப் போடும் சக்தி வேண்டும். 2013-இல் வந்த முதல் பிக்ஸ்ஹாக் போர்டில் இருந்த சிப் 168 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 256 கிலோபைட் நினைவகமும் கொண்டது. பின்னால் வந்த கியூப் ஆரஞ்சு போர்டில் 400 மெகாஹெர்ட்ஸ், ஒரு மெகாபைட். எட்டு மோட்டாருக்கும் தனித்தனி நாட்ச், மூன்று ஐ.எம்.யூ.வுக்கும் (கைரோவும் முடுக்கமானியும் சேர்ந்த சென்சார்) தனித்தனி கணிப்பு, கூடவே பறப்பின் விரிவான பதிவான லாக் என்று கேட்கும்போது பழைய சிப் திணறும். பழைய போர்டு பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பறக்க அது போதும், பேச அது போதாது.

கேமரா வேலையில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளியே அதிகம் பேசப்படாதது. நல்ல கிம்பல் ஒரு பொய்யை அழகாகச் சொல்லிவிடும். வண்டி எவ்வளவு நடுங்கினாலும் ரப்பர் டேம்பர்களும் மூன்று அச்சு மோட்டார்களும் அதை விழுங்கிவிடுகின்றன. மானிட்டரில் படம் அசையாமல் நிற்கிறது. இயக்குநர் கைதட்டுகிறார். மேலே ஒரு கிளாம்ப் தளர்ந்துகொண்டிருக்கிறது.

தண்டலத்தில் இறுதியாண்டு மாணவர்கள் சிலர் எட்டு மோட்டார் வண்டி ஒன்றைக் கட்டியபோது அவர்களோடு இருந்தேன். வளாகத் திடலில் சோதனைப் பறப்பு. வீடியோவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இறங்கியதும் நான் லேப்டாப்பை எடுத்தேன்.

"ஷாட் இவ்வளவு சுத்தமா வந்திருக்கு, அப்புறம் எதுக்குண்ணா லாக்கைப் பாக்கறீங்க?" என்றான் ஒரு பையன்.

"அதனாலதான் தம்பி பாக்கணும். கிம்பல் சொன்னதைக் கேட்டாச்சு. வண்டி என்ன சொல்லுதுன்னு இனிமேதான் கேக்கணும்."

முதலில் அதிர்வுக் கோட்டைத் திறந்தோம். ஆர்டுபைலட்டில் இதற்கு ஒரு பொது அளவு உண்டு: நொடிக்கு நொடி 30 மீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் சரி, 60-ஐத் தாண்டினால் உயரமோ இடமோ பிடித்து நிற்பதில் அநேகமாகச் சிக்கல் வரும். இவர்கள் வண்டியில் செங்குத்து அச்சின் கோடு முதல் சில நிமிடங்கள் தாழ்வாக ஓடி, பிறகு மெல்ல ஏறி 30-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. அடுத்து மோட்டார்களுக்குப் போன கட்டளைகளை ஒரே வரைபடத்தில் அடுக்கினோம். அங்கே கதை தெளிவாகிவிட்டது. காற்றில்லாத காலையில் அப்படியே நிற்கிற வண்டியில் எட்டுக் கோடுகளும் ஏறக்குறைய ஒட்டி ஓட வேண்டும். ஓடவில்லை. வலப்பக்கம் சுழலும் நான்கும் மேலே, இடப்பக்கம் சுழலும் நான்கும் கீழே என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன. வண்டி தன்னைத் தானே திருப்பிக்கொள்ளப் பார்க்கிறது, அதை எதிர்த்து ஒரு கட்சி ஓயாமல் உழைக்கிறது என்று அர்த்தம்.

உருண்டைக் குழாய்க் கைகள் உள்ள வண்டியில் இதற்கு முதல் சந்தேகம் எப்போதும் ஒன்றுதான். மோட்டார் தட்டின் மேல் சின்ன ரசமட்டத்தை வைத்து ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒன்றில் குமிழி நடுவில் நிற்கவில்லை. கிளாம்ப் தளர்ந்து குழாய் இரண்டு மூன்று டிகிரி முறுகியிருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியாது. கையால் ஆட்டினாலும் தெரியாது. இறுக்கி, குழாயையும் கிளாம்பையும் சேர்த்து ஒரு கோடு வரைந்து, மறுபடி பறக்க விட்டதும் எட்டுக் கோடுகளும் ஒன்றையொன்று நெருங்கின, அதிர்வும் அடங்கியது. அந்தப் பையன் அன்றிலிருந்து பறப்பு முடிந்ததும் கேமரா கார்டுக்கு முன்னால் எஃப்.சி. கார்டைத்தான் உருவுகிறான்.

போர்டு வாங்கும்போது விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் சொல் ரிடண்டன்ஸி: மூன்று ஐ.எம்.யூ., இரண்டு பாரோமீட்டர் என்று. நல்லதுதான். ஆனால் மூன்று சென்சாரும் ஒரே ரகம், ஒரே இடம், ஒரே அதிர்வு என்றால் மூன்றும் சேர்ந்து ஒரே தவறைச் செய்யும். கியூப் ஆரஞ்சில் இரண்டு ஐ.எம்.யூ. அதிர்வு தாங்கும் மெத்தையின் மேல் இருக்கின்றன, மூன்றாவது நேராகப் பலகையில் இருக்கிறது. சென்சார்களும் வெவ்வேறு ரகம். அதிர்வு ஒன்றைக் குழப்பினாலும் இன்னொன்று குழம்பாமல் இருக்க வாய்ப்பு உண்டு. ஆர்டுபைலட்டால் ஒவ்வொரு ஐ.எம்.யூ.வுக்கும் தனியாக ஒரு கணிப்பை ஓட்டி, ஒன்று கெட்டால் அடுத்ததற்கு மாறிக்கொள்ள முடியும். எப்போது மாறியது, ஏன் மாறியது என்பதும் லாக்கில் இருக்கும்.

அனுபவத்தில் வண்டியைக் கீழே கொண்டுவருவது பெரும்பாலும் ஐ.எம்.யூ. அல்ல, மின்சாரமும் திசைகாட்டியும்தான். 22 கிலோவை அந்தரத்தில் நிறுத்தவே இரண்டரை கிலோவாட் அளவுக்கு வேண்டும். 6எஸ் (ஆறு செல்களைத் தொடராக இணைத்த) பேட்டரியில் அது 100 ஆம்பியரைத் தாண்டும். 12எஸ் போட்டால் பாதியாகும். கனமான வண்டிக்கு 12எஸ் போடுவதன் நியாயம் அங்கேதான். ஆனால் முழு சார்ஜில் 12எஸ் என்பது 50.4 வோல்ட். சின்ன வண்டிகளுக்கென்று வரும் பவர் மாட்யூலை அதில் மாட்டினால் எஃப்.சி.க்குச் சோறு போடும் வழியே புகைந்துவிடும். ஆகவே 12எஸ்ஸுக்கென்றே செய்த, ஹால் சென்சார் வைத்த மாட்யூல் வேண்டும். போர்டில் இரண்டு மின் நுழைவாயில் இருக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு பேட்டரியிலிருந்து வர வேண்டும். நான் எந்தப் போர்டை எடுத்துப் பார்த்தாலும் முதலில் தேடுவது சிப்பின் பெயரை அல்ல, இந்த இரண்டாவது நுழைவாயிலை.

மின்னோட்டம் போகும் கம்பி ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பூமியின் காந்தப் புலமோ மிக மெலிது. த்ராட்டிலை ஏற்றும்போதெல்லாம் திசைகாட்டி வேறு பக்கம் காட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே வட்டமிடத் தொடங்கி, வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரகடம் மாதிரி இடத்தில் இன்னொரு தொல்லை: எங்கு நின்று ஏற்றினாலும் பக்கத்தில் இரும்புக் கூரை ஷெட், தரைக்குள் கம்பி கட்டிய கான்கிரீட். அதனால் பெரிய வண்டிகளில் திசைகாட்டியை நம்புவதைக் குறைத்துக்கொண்டேன். இரண்டு ஜி.பி.எஸ். ஆன்டெனாவைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்று எந்தத் திசையில் இருக்கிறது என்று கணக்கிட்டு வண்டியின் முகம் எந்தப் பக்கம் என்று அறியும் முறை இருக்கிறது. யூ-பிளாக்ஸ் எஃப்9பி ரிசீவர் ஜோடியால் அது நம் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டது. அதை எடுத்துக்கொள்ளும் திறன் போர்டுக்கும் ஃபர்ம்வேருக்கும் இருக்க வேண்டும். கைகள் நீண்ட வண்டியில் ஆன்டெனாக்களைத் தள்ளி வைக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நீண்ட கைகளில் நீண்ட ஒயர் வரும். ஐ2சி ஒயர் அவ்வளவு தூரத்துக்கும் இரைச்சலுக்கும் தாங்காது. ட்ரோன்கேன் இணைப்பு தாங்கும். எனவே கேன் போர்ட் இரண்டாவது இருக்கிறதா என்பதும் என் பட்டியலில் உண்டு.

அடுத்தது வெயில். இந்த எஃப்.சி.களில் பலவும் குளிரை நினைத்து வடிவமைத்தவை. சென்சார்களின் வெப்பம் மாறினால் அளவீடும் நகரும் என்பதால் ஹீட்டர் வைத்து, கியூபில் 45 டிகிரி போல ஒரே வெப்பத்தில் நிறுத்துகிறார்கள். பனியில் அது அருமையான யோசனை. மே மாதத்துத் தண்டலத்தில், மூடிய கறுப்பு மூடிக்குள் போர்டின் வெப்பம் தானாகவே அதைத் தாண்டிவிடும். ஹீட்டர் சும்மா இருக்கும், சென்சார் தன் போக்கில் நகரும். இதற்கு வழி, சென்சாரின் வெப்ப நடத்தையை முன்கூட்டியே போர்டுக்குக் கற்றுக்கொடுப்பது. 2021-இல் வந்த ஆர்டுபைலட் 4.1-லிருந்து அந்த வசதி இருக்கிறது: போர்டை ஃப்ரீசரில் குளிர வைத்து, பிறகு சூடேற விட்டால் ஒவ்வொரு டிகிரிக்கும் எவ்வளவு நகர்கிறது என்று அது குறித்துக்கொள்ளும். மூடிக்கு வெள்ளை நிறம் பூசுங்கள். பாரோமீட்டர் மேல் வெளிச்சமும் இறக்கைக் காற்றும் படாதபடி பஞ்சு வையுங்கள். ஒரு மீட்டர் உயர வித்தியாசம் என்பது அதற்கு 0.12 ஹெக்டாபாஸ்கல்தான், சின்ன அசைவுக்கும் ஏமாந்துவிடும். போதாததற்கு 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட எட்டு சதவீதம் குறைவு. காலையில் பாதி த்ராட்டிலில் நின்ற வண்டி மதியம் கூடுதலாக மூச்சு வாங்கும்.

அந்தக் கூடுதல் மூச்சு எடுபடுவது, ஒரு மோட்டார் நின்றுபோகும் நேரத்தில் உயிர் காக்கும் கையிருப்பிலிருந்துதான். எட்டு மோட்டார் வண்டியில் ஒன்று போனால், கையிருப்பு இருந்தால், நல்ல ஃபர்ம்வேர் மற்ற ஏழுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்து இறக்கிவிடும். கையிருப்பு இல்லையென்றால் எந்த எஃப்.சி.யாலும் ஒன்றும் செய்ய முடியாது. நிற்கும்போதே பாதி த்ராட்டிலைத் தாண்டுகிற வண்டிக்கு விலையுயர்ந்த போர்டு வாங்குவதைவிடச் சின்ன லென்ஸைப் போடுவது மேல்.

மூடிய போர்டா, திறந்த போர்டா என்ற கேள்விக்கு வருகிறேன். டிஜேஐ 2016-இல் கொண்டுவந்த ஏ3, அதே ஆண்டு வந்த மேட்ரிஸ் 600 ஆகியவை கேமராக்காரர்களுக்கு நல்ல காலத்தைத் தந்தன. பெட்டியைத் திறந்து பேட்டரியைப் போட்டால் வண்டி அசையாமல் நிற்கும். டியூனிங் தெரிய வேண்டியதில்லை. அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூடிய அமைப்புகளில் லாக்கின் உள்விவரம் பெரும்பாலும் தயாரிப்பாளருக்குத்தான் திறக்கும். அவர் அந்த மாடலைக் கைவிட்டால் நம் வண்டியும் நின்றுபோகும். இன்னொரு பக்கம், சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் 2008-இல் லோரென்ஸ் மையர் மாணவராக இருந்தபோது தொடங்கிய பிக்ஸ்ஹாக் திட்டத்திலிருந்து வளர்ந்த பிஎக்ஸ்4 ஃபர்ம்வேரும், உலகமெங்கும் தன்னார்வலர்கள் வளர்த்த ஆர்டுபைலட்டும் இன்று கனத்த வண்டிகளை ஓட்டுகின்றன. 15 கிலோவுக்கு மேல் தூக்கும் ஃப்ரீஃப்ளை ஆல்டா எக்ஸ் ஓடுவது பிஎக்ஸ்4-இல்தான். பிஎக்ஸ்4-ன் உரிமம், மாற்றங்களை உங்களிடமே வைத்துக்கொள்ள விடுகிறது; ஆர்டுபைலட்டின் உரிமம், மாற்றிய ஃபர்ம்வேரை விற்றால் அதன் மூலநிரலையும் வாங்கியவருக்குக் கொடுக்கச் சொல்கிறது. ஆலை வைத்து விற்கப் போகிறவர் இதை யோசித்துத் தேர்வுசெய்ய வேண்டும். படம் எடுக்கிற எனக்கு, உலகத்தின் எந்த மூலையில் எவர் கண்டுபிடித்த பிழைத்திருத்தமும் என் வண்டிக்கு வந்து சேர்கிற ஆர்டுபைலட்டே மனதுக்கு நெருக்கம்.

நம் நாட்டுச் சட்டமும் இந்தத் தேர்வுக்குள் வருகிறது. 2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 2 முதல் 25 கிலோ வரை 'ஸ்மால்' வகை. அதற்கு அடுத்த வகை 'மீடியம்'. தொழிலுக்கு ஓட்ட வகைச் சான்றிதழ் பெற்ற மாடல், தனி அடையாள எண், பைலட் சான்றிதழ் எல்லாம் வேண்டும். 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களை இறக்குமதி செய்வதற்குத் தடை வந்தது, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. ஆக, கனமான வண்டி இங்கேதான் கட்டப்பட்டாக வேண்டும். சான்றிதழ் மாடலுக்குத் தரப்படுவது என்பதால், எஃப்.சி.யைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துத் தொடங்கக் கூடாது. முதல் நாளிலேயே சரியாகத் தேர்வுசெய்ய வேண்டும். கல்விநிறுவனங்களுக்கு விதிகள் ஒரு நல்ல வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன: பச்சை மண்டலத்தில், தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள வளாகத்துக்குள், ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட இந்தச் சான்றிதழ்கள் தேவையில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் வான்வெளி ஆராய்ச்சி மையத்தில் மாணவர்கள் வளர்த்த தக்‌ஷா அணி, 2018-இல் ஆஸ்திரேலியாவின் மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. வல்லம் வடகாலில் ஆளில்லா வான்கலங்களுக்கான பொதுச் சோதனை மையம் அமைக்கத் தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் முன்கை எடுத்தது. தண்டலத்துப் பிள்ளைகளுக்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது.

எனவே போர்டு வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள். கடைக்குப் போவதற்கு முன், நீங்கள் கட்டப்போகும் அதே எடை, அதே இறக்கையில் பறக்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவருடைய வீடியோவைக் கேட்காதீர்கள், லாக்கைக் கேளுங்கள். அதிர்வையும், மோட்டார் கோடுகளையும், மின்னோட்டம் ஏறும்போது திசைகாட்டி என்ன ஆகிறது என்பதையும் உட்கார்ந்து படியுங்கள். எந்தப் போர்டின் லாக்கை வைத்து அடுத்த பறப்புக்கு முன் எதை இறுக்க வேண்டும் என்று உங்களால் சொல்ல முடிகிறதோ, அதை வாங்குங்கள். படிக்கத் தெரியவில்லை என்றால் முதலில் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 22 கிலோவை மனிதர்கள் நிற்கும் இடத்துக்கு மேலே அனுப்பும் உரிமை அதற்குப் பிறகுதான் நமக்கு வருகிறது.